காப்பிக்கு வந்த பால்

காலையில் வாயில் வைத்த காப்பி ருசிக்கவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது காப்பிக்கொட்டை அன்று, பால்தான். "ஏன் இன்றைக்கு ஒரு மாதிரி இருக்கிறது?" என்று வாசல் திண்ணையிலிருந்து கேள்வி எழும்பினால், "பால் சரியில்லை" என்ற பதில் அடுக்களையிலிருந்து உடனே வந்துவிடும். கொட்டையை நன்றாக வறுத்து, அன்றன்றைக்கு அரைத்து, பில்டரில் அழுத்தி, கொதிக்கும் நீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, சொட்டுச் சொட்டாய் இறங்கிய முதல் டிகாக்ஷனைக் கலந்திருந்தாலும், பால் நீர்த்திருந்தால் அவ்வளவு சிரமமும் வீண் என்பது நம்மவர்களின் தீர்ந்த அபிப்பிராயம். ஒரு டம்ளரில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பால் இருக்கும் பானத்துக்கு இது நியாயமான தீர்ப்பே ஆகும். ஆகையால் தமிழ்நாட்டில் காப்பியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர், தோட்டத்தையும் கொட்டையையும் பற்றி எழுதியதோடு நின்றுவிட்டால் பாதிச் சரித்திரத்தைத்தான் எழுதியவர் ஆவார். மற்றப் பாதி மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது.

காப்பி பிறந்த தேசங்களில் இப்படியொரு சம்பந்தம் கிடையாது. அரபு நாட்டார் அதைக் கறுப்பாகவே, சில இடங்களில் ஏலக்காய் சேர்த்து, சிறு கிண்ணங்களில் அருந்தினார்கள். பாலோடு கலந்து குடித்தால் குஷ்டம் வரும் என்ற அச்சம்கூட அந்தப் பிரதேசங்களில் ஒரு காலத்தில் உலவியதாகக் காப்பியின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பால் சேர்ந்தது மருந்தாகத்தான். 1685-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகர வைத்தியர் மோனென் என்பவர் பால் கலந்த காப்பியை நோயாளிகளுக்குச் சிபாரிசு செய்தார் என்பார்கள்; நோயாளிக்குக் கொடுத்ததைத் திடகாத்திரமாக இருந்தவர்களும் விரும்பிக் குடிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கத்தின் ஒரு கிளைதான் ஆங்கிலேயர் வழியாக நம் ஊருக்கு வந்தது. ஆனால் அவர்கள் காப்பியின் கருமையைத் தணிக்கச் சிறிது பாலை ஊற்றினார்கள். நாம் பாலை மணக்கச் செய்வதற்குக் காப்பியை ஊற்றினோம் என்று சொன்னாலும் பெரும்பிழை ஆகாது.

பாபா புதன் என்ற சூபி மகான் பதினேழாம் நூற்றாண்டில் ஏமன் தேசத்து மோக்காத் துறைமுகத்திலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலைச்சாரலில் விதைத்தார் என்பது நம்மில் பெரும்பாலோர் அறிந்த ஐதிகம்; அந்த மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வெள்ளைக்காரர்கள் பெருந்தோட்டங்கள் போட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பிச் செடியை வைத்தார்; குடகு, வயநாடு, நீலகிரி, பழனி மலையின் கீழ்ச்சரிவுகள் என்று அது பரவியது. இலங்கையிலோ 1830-கள் முதற்கொண்டு கண்டி மலைநாடு முழுவதும் காப்பிக் காடாயிற்று. அந்தக் காட்டை வெட்டித் திருத்தி, செடி நட்டு, பழம் பறிப்பதற்காகத் தென் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாகப் போன தமிழர்களில் வழியிலேயே மாண்டவர்கள் அநேகர். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபது வருஷங்களுக்குள் இலங்கைக் காப்பியை நிர்மூலமாக்கியது. அங்கே தேயிலை வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஜனங்கள் காப்பியைக் குடிக்கப் பழகுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அதற்காக உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு டம்ளரை எடுக்கும்போதும் நினைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவையாவது நினைக்கலாம்.

தோட்டத்தில் விளைந்த பண்டம் வீட்டுக்குள் நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அதற்கு முன் காலை ஆகாரம் என்றால் பழைய சோறும் நீராகாரமும் மோரும்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் இந்த மாறுதலை ஆராய்ந்து எழுதிய கட்டுரையைக் கொண்ட நூலுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயர். உத்தியோகத்துக்குப் போன குமாஸ்தாக்களும் வக்கீல்களும் உபாத்தியாயர்களும் இருந்த நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் காப்பி முதலில் பிடித்தது. அதைக் கள்ளுக்குச் சமானமாகக் கண்டித்தவர்களும், குடும்பத்தின் வரும்படி காப்பித்தூளிலும் பாலிலும் கரைகிறதே என்று புலம்பியவர்களும் இருந்தார்கள்.

இப்படி எதிர்ப்பு இருந்தும், மடிக்கும் ஆசாரத்துக்கும் பேர்போன வீடுகளின் அடுக்களைக்குள்ளேயே இந்த அந்நியப் பானம் எப்படிப் போய் அமர்ந்தது என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. என் அபிப்பிராயத்தில் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது பால். தீர்த்தத்துக்கு அடுத்தபடியாக நம் வீடுகளில் பாலுக்கு உள்ள பரிசுத்தம் வேறொன்றுக்கும் இல்லை. அபிஷேகத்துக்கும் நைவேத்தியத்துக்கும் உரிய பதார்த்தம் அது. அதிலே நான்கில் ஒரு பங்கு கறுப்புச் சாறு கலந்தபோது, 'ஏதோ கஷாயம் சேர்ந்த பால்' என்று மனம் சமாதானப்பட்டிருக்க வேண்டும். டிகாக்ஷன் என்ற வார்த்தையேகூட வைத்தியசாலைகளில் கஷாயத்துக்கு வழங்கிவந்த சொல்தானே! ஸ்நானம் செய்யாமல் அன்னத்தைத் தொடாத என் பாட்டி, காப்பியை மட்டும் எழுந்து பல் துலக்கியதும் குடித்துவிடுவாள். கேட்டால், "அது பால்டா, குழந்தை" என்பாள்.

அந்தப் பால் வந்த வழியைச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் பால் என்பது விடியற்காலையில் வாசலில் கிடக்கும் பை. என் சிறு பிராயத்தில் எங்கள் தெருவுக்குப் பால் வரவில்லை, பசுவே வந்தது. இருள் பிரியாத வேளையில் கழுத்து மணி ஓசை தெருமுனையில் கேட்கும். கோனார் பசுவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசல் தூணோடு கட்டுவார். தோளில் ஒரு கன்றுக்குட்டியைச் சுமந்துகொண்டிருப்பார். அதற்குள் இருந்தது வைக்கோல். இறந்துபோன கன்றின் தோலை உரித்துப் பதப்படுத்தி, வைக்கோலை அடைத்து, நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகிய அந்தத் தோல்கன்றைப் பசுவின் முன்னே நிறுத்தினால், அது நாக்கை நீட்டி நக்கிக்கொண்டே மடியைத் தளர்த்தும். அந்த நக்குதலில் கன்றின் முதுகு ரோமம் உதிர்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது எனக்கு இப்பொழுதும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பால்தான் எங்கள் காப்பியில் சேர்ந்தது என்பதை நினைக்கையில் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மனம் சங்கடப்படத்தான் செய்கிறது.

கோனார் உட்கார்ந்து கறக்கத் தொடங்குமுன் ஒரு சம்பிரதாயம் தவறாமல் நடக்கும். "கோனாரே, பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுங்கோ" என்பாள் பாட்டி. "என்னம்மா, தினமும் சந்தேகமா?" என்று சொல்லிக்கொண்டே அவர் செம்பைத் தலைகீழாகப் பிடிப்பார். அடியில் தண்ணீர் இல்லையென்று தெரிந்த பிறகுதான் கறப்பு. முதற்பீர் வெறும் செம்பில் விழும்போது 'ணங்' என்று கேட்கும். செம்பு நிறைய நிறைய அந்த ஓசை தணிந்து, நுரைக்குள் அமுங்கிய மெத்தென்ற சப்தமாக மாறிவிடும். உழக்கால் அளந்து ஊற்றியதும், பாட்டி ஒரு துளியை விரல்நகத்தின் மேல் விட்டுப் பார்ப்பாள். துளி கலையாமல் முத்தாக நின்றால் முகத்தில் திருப்தி தெரியும். "கள்ளிச்சொட்டாட்டம் இருக்கு" என்பாள். நல்ல பாலுக்குத் தமிழில் இதைவிட உயர்ந்த புகழ்மொழி கிடையாது. கள்ளியின் கிளையை ஒடித்தால் வெளுப்பாய், கெட்டியாய், ஓடாமல் திரண்டு நிற்கும் சொட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையின் நேர்த்தி விளங்கும்.

வீட்டில் நகம் செய்த வேலையைக் காப்பிக் கடைகளில் ஒரு கண்ணாடிக் குழாய் செய்தது. லாக்டோமீட்டர் என்ற பால்மானியின் அடியில் ஈயக்குண்டுகளோ பாதரசமோ கனத்துக்காக இருக்கும். மேலே மெல்லிய தண்டில் கோடுகள் இருக்கும். பாலில் விட்டால் அது எந்தக் கோடு வரைக்கும் அமிழ்கிறதோ அதுவே அந்தப் பாலின் டிகிரி. தண்ணீரைவிடப் பால் சற்றுக் கனமானது, தண்ணீரை 1.000 என்று வைத்துக்கொண்டால் நல்ல பசும்பாலின் அடர்த்தி 1.028-லிருந்து 1.032 வரைக்கும் இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் எடுத்து 28 டிகிரி, 30 டிகிரி என்பார்கள். தண்ணீர் கலந்த பாலில் கருவி ஆழமாக இறங்கி, எண் குறைந்துவிடும். இந்தக் கருவியால் பரிசோதித்து வாங்கிய, தண்ணீர் கலக்காத பாலில் போட்ட காப்பிதான் டிகிரி காப்பி என்று பெயர் பெற்றது. முதல் டிகாக்ஷனைக் குறிப்பதுதான் டிகிரி என்பாரும், சிக்கரி என்ற சொல்லின் திரிபுதான் அது என்பாரும் உண்டு. பாலுக்காக இவ்வளவு கவலைப்பட்ட ஒரு சமூகம் தன் உயர்ந்த காப்பிக்குப் பால்மானியின் அளவையே பெயராகச் சூட்டியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனாலும் அந்தக் கண்ணாடிக் குழாயை ஏமாற்ற முடியும் என்பதைக் கலப்படக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். பாலின் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் பால் இன்னும் கனமாகி, டிகிரி ஏறும். ஏறிய டிகிரியை இறக்குவதற்குத் தண்ணீரை ஊற்றினால் கருவி பழையபடி 'நல்ல பால்' என்று சாட்சி சொல்லிவிடும். வெண்ணெயும் போய், தண்ணீரும் சேர்ந்து, சர்ட்டிபிகேட்டும் கிடைத்துவிட்டது! மறுபக்கத்தில், யோக்கியமான பால்காரருக்கு அதே கருவி அநியாயமும் செய்தது. பழைய பால்மானிகள் குளிர்தேசத்து உஷ்ணநிலையான 60 டிகிரி பாரன்ஹீட்டில் அளப்பதற்காகச் செய்யப்பட்டவை. நம் ஊர் வெயிலில், அதிலும் கறந்த சூட்டோடும் நுரையோடும் உள்ள பாலில் விட்டால், தண்ணீர் கலவாத பாலையும் அது குறைத்தே காட்டும். உஷ்ணத்துக்கு ஏற்றபடி கணக்கைத் திருத்த வேண்டும் என்பதை அறியாதவர்கள் எத்தனை ஏழைக் கோனார்களைத் திருடர் என்று ஏசியிருப்பார்களோ! ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த கெர்பர் 1891-இல் வகுத்த கொழுப்புப் பரிசோதனை பரவிய பிறகுதான் இந்த இரண்டு வித அநீதிக்கும் பரிகாரம் ஏற்பட்டது. சென்னை ராஜதானியில் 1918-லேயே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது.

காப்பிக் கடைகள் என்றதும் கும்பகோணத்தை எல்லாரும் நினைப்பார்கள். இன்று நெடுஞ்சாலை நெடுகிலும் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய பலகைகள் நிற்கின்றன. காவிரிப் பாசனமும் புல்லும் வைக்கோலும் மாடும் நிறைந்த ஊரில் பால் சிறப்பாக இருந்ததில் அதிசயமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் காப்பி கிளப்புகளின் பெருமையைப் பேசும்போது அவற்றின் சிறுமையை மறைக்கக்கூடாது. 'பிராமணாள்' என்று எழுதிய பலகையின் கீழேதான் அநேக கடைகளில் அந்த அருமையான காப்பி கிடைத்தது. எல்லாரும் உட்கார்ந்து குடிக்க முடியாத காப்பி அது. சுயமரியாதை இயக்கத்தார் இதை எதிர்த்து இடைவிடாமல் போராடினார்கள். 1957-இல் பெரியாரின் தொண்டர்கள் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் முன், அந்தச் சொல்லை எடுக்கும்படி மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பதும், அதற்குத் துணையாக விளிம்பு மடிந்த டவராவும் டம்ளரும் வந்ததும்கூட எச்சில் ஆசாரத்தோடு சம்பந்தப்பட்டவையே. கறந்தவர் ஒருவர், காய்ச்சியவர் ஒருவர், குடிக்க உரிமை பெற்றவர் மற்றொருவர் என்ற அந்த ஏற்பாடு ஒழிந்தது, காப்பியின் சரித்திரத்தில் நடந்த மிக நல்ல காரியம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பாலைப் பற்றிப் பேசும்போது சிக்கரியை விட்டுவிட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று பற்றியே நம்மிடம் நிலைத்தன. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் கருகிய வெல்லத்தின் மணமும் கசப்பும் உள்ள கரிய சாற்றைத் தரும். 1806-இல் நெப்போலியன் ஆங்கிலேயர் வியாபாரத்தைத் தடுக்க ஐரோப்பாவின் துறைமுகங்களை அடைத்தபோது காப்பி அகப்படாமல் தவித்தவர்கள் அதைப் பெருமளவில் குடிக்கத் தொடங்கினார்கள். அங்கே அது பஞ்சத்துக்கு வந்த பதில்பொருள். இங்கே அது வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. முக்கால் டம்ளர் பாலில் விட்ட சுத்தக் காப்பி டிகாக்ஷன் வெளுத்து, மணம் அமுங்கிப் போய்விடும்; அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி சேர்ந்தால் சாறு தடித்து, அத்தனை பாலையும் தாங்கி, செம்பழுப்பு நிறம் நிற்கும். சிக்கரி மலிவு என்பது இரண்டாவது காரணம். அந்த இரண்டாவது காரணத்தையே முதலாவதாகக் கொண்ட வியாபாரிகளால்தான் அதற்குக் கெட்ட பெயர் வந்தது. கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது என்றும், எவ்வளவு சிக்கரி என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்றும் இப்போது விதி இருக்கிறது. பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு வகைக் கொட்டைகளைச் சரிபாதியாக வறுத்து, நூற்றுக்குப் பதினைந்து பங்கு சிக்கரி கலந்து வாங்குகிற என் பழக்கத்தைச் சுத்தவாதிகள் ஒப்பமாட்டார்கள். பாலில்லாமல் குடிக்கிற அவர்களுக்கு அது நியாயமே.

சர்க்கரையைப் பற்றி இரண்டு வார்த்தை. சேலம், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை 'அஸ்கா' என்பார்கள். ஒடிசாவில் உள்ள அஸ்கா என்ற ஊர் 1936 வரைக்கும் சென்னை ராஜதானியின் கஞ்சம் ஜில்லாவைச் சேர்ந்தது; அங்கே நடந்த ஆலையின் சர்க்கரை ஊர்ப்பெயரோடு வந்து, ஊர் மறந்து, பெயர் மட்டும் நம் காப்பியில் தங்கிவிட்டது. தெற்கே போனால் சர்க்கரைக்கும் பாலுக்கும் வேலையே இல்லாத ஒரு காப்பி உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சீமைகளின் கருப்பட்டிக் காப்பியைச் சொல்கிறேன். பனங்கருப்பட்டியைத் தட்டிக் கொதிக்கும் நீரில் கரைத்து, தூளைப் போட்டு, மூடி வைத்துத் தெளியவிட்டு இறுத்தால் போதும். அதில் பாலைச் சேர்த்துக் காய்ச்சினால் பெரும்பாலும் திரிந்துவிடும். ஆகையால் அந்தக் காப்பி கறுப்பாகவே நின்றுவிட்டது. பனையேறிக் குடும்பங்களும் கடற்கரை ஜனங்களும் பால் வாங்க வகையில்லாமல் கண்ட உபாயம் என்று அதைத் தாழ்வாகப் பேசுவது தவறு. மழைநாளில், சுக்கும் மல்லியும் தட்டிப்போட்ட ஒரு கிண்ணம் கருப்பட்டிக் காப்பிக்கு ஈடாக எந்தக் கள்ளிச்சொட்டுப் பாலையும் நான் சொல்லமாட்டேன். சுக்குக் காப்பியில் பல சமயம் காப்பித்தூளே இருப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கொதிக்கக் கொதிக்க, இனிப்பாகக் குடிப்பதற்கெல்லாம் காப்பி என்று பெயரிட்டுவிட்டார்கள்.

கடல் கடந்த தமிழர்களின் கதை வேறு. அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் பாலைச் சுண்டக்காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்; பின்னர் அது சர்க்கரை சேர்ந்து தகரத்தில் அடைபட்டு வந்தது. பத்து வருஷம் கழித்து ஸ்விட்ஜர்லாந்தில் பேஜ் சகோதரர்கள் அதற்கு ஆலை அமைத்தார்கள். மாடு வைத்துக்கொள்ளவோ, கறந்த பாலை வெப்பத்தில் காக்கவோ இயலாத ரப்பர் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் இந்த டின்பால் பெரும் உபகாரமாயிற்று. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் டின்பால் சேர்ந்த காப்பிதான் வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாதது. அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் நம் பில்டர் காப்பியைக் குடித்துவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்றால் அவர்கள் நாக்கில் குற்றமில்லை. சுண்டிய பாலின் தித்திப்பில் பழகிய நாக்கு அது. இலங்கையில் டின்பாலுக்குப் பின்னே பால்மா வந்தது. பால்பொடிக்கு அவர்கள் வழங்கும் இந்தச் சொல் எவ்வளவு அழகாக, எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது! நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நகரங்களில் கோனாரின் பசு தெருவிலிருந்து மறைந்ததற்குக் காரணம், பெருகிய ஜனத்தொகையும் சுகாதார விதிகளுமே. பம்பாயில் தாரா குரோடி என்பவர் 1940-களில் ஒரு யுக்தி செய்தார்: எருமைப்பாலில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு நீக்கிய பால்பொடியும் தண்ணீரும் சேர்த்து அதை மூன்று பங்குக்கு இறக்கினால், ஒரு படி பால் இரண்டு படியாகும், ஏழையும் வாங்கும் விலைக்குக் கிடைக்கும். சமன்படுத்திய பால் என்று நாம் சொல்வது இதுதான். தமிழ்நாட்டில் 1958-இல் பால்வளத் துறை ஏற்பட்டு, மாதவரம் பண்ணையிலிருந்து பால் நகரத்துக்கு வந்து, 1981-இல் கூட்டுறவு இணையம் அமைந்து, ஆவின் என்ற பெயர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பழக்கமாயிற்று. நீல உறையில் 3 சதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என்று வகுத்தபோது, முன்பு நகத்தாலும் நாக்காலும் அறிந்ததை ஜனங்கள் நிறத்தால் அறியத் தொடங்கினார்கள். குழந்தைக்கு நீலம், காப்பிக்குப் பச்சை, தயிருக்கு ஆரஞ்சு என்று ஒரே வீட்டில் மூன்று பை வாங்குபவர்களை நான் அறிவேன். பசும்பாலின் மஞ்சள் சாயலும் மணமும் இந்தக் கலப்பில் போய்விட்டன என்று வருந்துகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் பட்டணத்துக் கூலிக்காரரின் குழந்தைக்கும் நாள்தோறும் ஒரே தரமான பால் கிடைத்தது இந்தப் பைகளால்தான் என்பதை நினைத்தால் அந்த வருத்தத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடக்கிக்கொள்ள முடியாத வருத்தம் ஒன்று உண்டு. 1961-இல் அமெரிக்காவில் கார்னேஷன் கம்பெனி 'காபி மேட்' என்ற பொடியை வெளியிட்டது. சோளத்திலிருந்து எடுத்த பாகுப்பொடி, தாவர எண்ணெய், பாலிலிருந்து பிரித்தெடுத்த கேசின் என்ற புரதத்தின் உப்பு, காப்பியின் புளிப்பில் திரியாமலிருக்க ஒரு பாஸ்பேட் உப்பு ஆகியவையே இத்தகைய பொடிகளின் சரக்கு. குளிர்பெட்டி வேண்டாம், காய்ச்ச வேண்டாம், மாதக்கணக்கில் கெடாது. காப்பியைக் கறுப்பாகவே இறக்கி, மேஜைமேல் வைத்துக்கொண்டு, அவரவர் விருப்பப்படி வெளுக்கச் செய்துகொள்ளும் தேசத்துக்கு அது ஏற்ற பண்டமே. அந்த தேசத்துக்கு 1956-இல் சென்ற ஆர். கே. நாராயண், உணவுசாலையில் கறுப்பா வெள்ளையா என்று கேட்டபோது, இரண்டும் வேண்டாம், எங்கள் ஊர்க் காப்பியின் பழுப்புதான் வேண்டும் என்று வாதாடியதைத் தம் பிரயாண நூலில் எழுதியிருக்கிறார். அவர் கேட்டதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. நம்மவர்களுக்குப் பால் என்பது காப்பியின் நிறத்தை மாற்றும் சுண்ணாம்பு அன்று. பாலின் புரதம் காப்பியின் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு சாந்தப்படுத்துகிறது, அதன் கொழுப்பு மணத்தை நாக்கில் நிறுத்துகிறது. எண்ணெய்ப் பொடியால் வெளுப்பைத் தரமுடியும். கறந்த பாலின் மணத்தைத் தரமுடியாது.

இன்று நம் ஆபீசுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ரயில் நிலையங்களிலும் பித்தானை அமுக்கினால் காப்பி கொட்டும் இயந்திரங்கள் நிற்கின்றன. சென்ற வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், இரவு முழுதும் கண் விழித்த ஒரு பெண்மணி அந்த இயந்திரத்திலிருந்து ஒரு காகிதக் கோப்பையைப் பிடித்து வந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் பாலே இல்லையேப்பா" என்று என்னிடம் சொன்னாள். கோப்பை தும்பைப்பூவைப் போல் வெளுத்துத்தான் இருந்தது. இந்த இயந்திரங்களில் போடும் பொடிகளில் இரண்டு ஜாதி உண்டு. பாலை உலர்த்தி, பெரும்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் டெய்ரி ஒயிட்னர் ஒன்று. அது பால்மாவின் உறவு, ஆபத்துக்குப் பாவமில்லை. எண்ணெயால் செய்த கிரீமர் மற்றொன்று; அது பாலே அன்று. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுகிறவர்கள் ஏராளம். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சரக்குகளின் பட்டியலில் முதல் பெயர் பாலின் திடப்பொருளா, பாகா, தாவரக் கொழுப்பா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வாசகர்களிடம் என் விண்ணப்பம் இவ்வளவுதான். நாளைக் காலையில் பாலை அடுப்பில் ஏற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள்; ஏடு விளிம்பில் சுருங்கி, நடுவில் உப்பி எழும்பும் தருணத்தில் இறக்கிவிடுங்கள். மறுபடி மறுபடி சுட வைத்த பாலில் காப்பிக்கு வேண்டிய மணம் நிற்காது. டிகாக்ஷனை விடுவதற்கு முன், சர்க்கரையும் போடாமல், அந்தப் பாலை மட்டும் ஒரு கரண்டி எடுத்து ருசி பாருங்கள். நன்றாயிருந்தால் காப்பியும் நன்றாயிருக்கும். இல்லையென்றால் காப்பித்தூள் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், பாலை மாற்றுங்கள்.